பால் காய்ச்சி லினக்ஸுக்குக் குடிபோனோம்

எனக்கு யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்ல வராது. தலையை ஆட்டிவிடுவேன். எதிரில் இருப்பவர் பேசி முடித்தால் போதும் என்ற நினைப்பில் தலை தானாக ஆடும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள். எங்கள் கடை சர்வர் லினக்ஸுக்குப் போனது அப்படி ஆட்டிய ஒரு தலையாட்டலில்தான். கடையே என் கையைவிட்டுப் போகப் பார்த்தது அதற்குச் சற்று முன்னால் ஆட்டிய இன்னொரு தலையாட்டலில்.

செங்கல்பட்டில் எங்களுடையது வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, ஜமுக்காளம், நாற்காலி, சாமியானா, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. பெண், மாப்பிள்ளை தவிர கல்யாணத்துக்கு வேண்டிய மற்றதெல்லாம் நம்மிடம் கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். முகூர்த்த நாளில் எங்கள் கடையில் உட்கார இடம் இருக்காது. முதலாளி நாற்காலியும் வாடகைக்குப் போயிருக்கும்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். கடையில் என் இடம், அடுக்கி வைத்த அண்டாக்களுக்குப் பின்னால். வருகிறவர்கள் அண்டாவைப் பார்த்துப் பேசுவார்கள். நான் அண்டாவுக்குப் பின்னாலிருந்து பதில் சொல்வேன். முகம் தெரியாமல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும். அங்கே உட்கார்ந்தபடியே எனக்கு ஊர் முழுக்கத் தெரியும். எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் மஞ்சள் நீராட்டு, எந்தக் கல்யாணம் நின்றுபோய்ப் பாத்திரம் வேண்டாம் என்கிறார்கள், எல்லாம். வீட்டில் உட்கார்ந்தால் எனக்கு எதுவும் தெரியாது. யாரையும் தேடிப் போய்ப் பேசுகிற ஆள் இல்லை நான்.

என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் எந்த அண்டா எந்த மண்டபத்தில் இருக்கிறது என்பது அவர் தலைக்குள் இருந்தது. அவர் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. அவருடைய காரியத்துக்குச் சமைக்க அண்டா தேடினால் கடையில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எங்கேயோ போயிருக்கின்றன. எங்கே என்று கேட்கவேண்டிய ஆள் படத்தில் மாலை போட்டுக்கொண்டு சிரிக்கிறார். கடைசியில் வேறு கடையில் அண்டா வாடகைக்கு எடுத்து அவருக்குப் படையல் போட்டோம். அவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண் அதைச் செய்து கொடுத்தாள். கடைக்குப் பின்னால் சின்ன அறையில் ஏ.சி. போட்டு ஒரு பெட்டி வைத்தாள். அதுதான் சர்வர். எல்லாப் பாத்திரத்தின் கணக்கும் அதற்குள் குடியிருந்தது. கடை மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரும், மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட் கல்யாணங்களுக்காகத் திறந்த எங்கள் கிளையில் இருப்பதும் அந்தப் பெட்டியைக் கேட்டுத்தான் பதில் சொல்லும். எந்த வேன் எங்கே போகவேண்டும் என்று அது ஒரு சீட்டு அடித்துத் தரும். டிரைவர் அதைப் பார்த்துப் போவார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சைவச் சமையலுக்குப் போகும் பாத்திரத்தின் அடியில் பச்சைப் பெயிண்ட் வட்டம். பிரியாணி அண்டாவின் அடியில் சிவப்பு வட்டம். பச்சை ஒருநாளும் சிவப்புக்குப் போகாது, சிவப்பு ஒருநாளும் பச்சைக்குப் போகாது. தேய்ப்பதற்குக்கூடத் தனித்தனி நார். இந்த ஒழுங்கை நம்பித்தான் கோயில் ஊர்க்காரர்கள் எங்களிடம் வருகிறார்கள்.

வைகாசியில் ஒரு முகூர்த்தம். முதல் நாள் சாயங்காலமே வேன்களில் பாத்திரம் ஏற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. விடிகாலையில் சீட்டு அடிக்கவேண்டியதுதான் பாக்கி. பெட்டியைப் பார்த்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்டேட்டாம். அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. நாங்கள் அணைக்கவில்லை. கும்பிட்டபடி நின்றோம். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

வேன் டிரைவர் பொறுமையில்லாதவர். “வுடுங்கம்மா, எனக்குத் தெரியாததா? இந்த வண்டி திருக்கழுக்குன்றம், அந்த வண்டி அணுபுரம்” என்று கிளம்பிவிட்டார்.

அவருக்குத் தெரிந்தது தலைகீழாக இருந்தது. அணுபுரத்துக் காதுகுத்துக்குப் போகவேண்டிய சிவப்பு அண்டாக்கள் திருக்கழுக்குன்றத்தில், கோயில் ஊழியம் செய்கிற ஒரு குடும்பத்தின் கல்யாணத்தில் போய் இறங்கின. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“அம்மா, சமையக்காரரு அண்டாவ மோந்து பாத்துக்கினு கீறாரு.”

“எந்த வட்டம்?” என்றேன்.

“குப்புறக் கவுத்துட்டாரும்மா. செவப்பு.”

சமையல்காரர் கத்தவில்லை. அண்டாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாராம். அடுப்பு மூட்ட மாட்டேன் என்று வாயால்கூடச் சொல்லவில்லையாம். கத்தியிருந்தால் பரவாயில்லை. பெண்ணைப் பெற்றவர் அன்று காலை ஊரிலுள்ள ஓட்டல்களில் எல்லாம் இட்லி வாங்கிச் சமாளித்தார். அணுபுரத்தில் காதுகுத்து வீட்டார் எந்தக் குறையும் சொல்லவில்லை. எங்கள் பச்சை அண்டாக்களில் திருப்தியாகப் பிரியாணி செய்து சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அந்த அண்டாக்களுக்கெல்லாம் பிறகு சிவப்பு வட்டம் போட்டோம். அவை திரும்பிப் பச்சைக்கு வரவே முடியாது.

என் கொழுந்தனார் குடியிருப்பது அதே திருக்கழுக்குன்றத்தில். கடையில் பந்தல், சாமியானா பக்கத்தைப் பார்ப்பவர் அவர்தான். தெருவில் ஒவ்வொருவரும் நிறுத்திக் கேட்டதில் வெந்துபோய் வந்தார்.

“இன்னா அண்ணி இது? அண்ணன் இருந்தா இப்பிடி நடக்குமா? ஒரு பொட்டிய நம்பிக்கினு தொழில் பண்றீங்க. பால் வாங்கப் போனா, உங்க கடையில மோந்து பாத்துத்தான் பாத்திரம் எடுக்கணுமான்னு கேக்கறான்.”

நான் அண்டாவுக்குப் பின்னால் இருந்தேன். அவர் சுற்றிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

“நான் சொல்றத கேளுங்க. நீங்க வூட்ல நிம்மதியா உக்காருங்க. கடைய நான் பாத்துக்கறேன். இப்பவே வேணாம். ஆவணி மொத முகூர்த்தம் வரிக்கும் பாப்போம். அன்னிக்கி ஒரு சாமான், ஒரே ஒரு கரண்டி வந்து சேரலன்னாலும் சாவிக்கொத்து எங்கையில வந்துடணும். இன்னா, சரியா?”

தலை ஆடிவிட்டது.

அவர் போன பிறகுதான் நான் எதற்குத் தலையை ஆட்டினேன் என்று எனக்கே புரிந்தது.

ஆனி பாதிக்குமேல் ஆன பிறகு கூடுவாஞ்சேரிப் பெண் வந்தாள். பாத்திரம் தேய்க்கிற அம்மாள் அப்போது பக்கத்தில் இருந்தாள். நான் கடைக்கு வந்த நாளிலிருந்து அவளும் அங்கே இருக்கிறாள். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

“ஆன்ட்டி, இந்தப் பழைய சிஸ்டத்த இனிமே வெச்சிக்க வேணாம். இத செஞ்சவங்களே இந்த மாடலுக்கு இனிமே ரிப்பேர் இல்லன்னுட்டாங்க. முகூர்த்த நாளா, கரிநாளான்னு இதுக்குத் தெரியாது. தோணினா அப்டேட்டுன்னு உள்ள போயி கதவ சாத்திக்குது.”

“எம்மருமவ மாரி” என்றாள் தேய்க்கிற அம்மாள்.

“டேட்டாபேஸ லினக்ஸுக்கு மாத்திடலாம். நெறைய கம்பெனிங்க அதத்தான் பண்ணிக்கினு வர்றாங்க. நாம சொன்னாத்தான் அது ரீஸ்டார்ட் ஆவும். இல்லன்னா மாசக்கணக்கா அது பாட்டுக்கு ஓடும். நடுவுல குளிச்சிட்டு வர்றேன், சாப்ட்டு வர்றேன்னு போவாது.”

“அப்பிடி ஒரு ஆளு எங்க கெடைக்குது” என்றாள் இவள்.

“படம், ஜிகினா எதும் இருக்காது. கறுப்பா ஒரு திரை, வெள்ளையா எழுத்து. அவ்ளோதான். மெஷினோட பலம் மொத்தமும் வேலைக்கே போவும். கிளையில ஒரு பழைய பொட்டி சும்மா கெடக்குதே, அதுவே தாங்கும். ஆளுக்கு ஒரு லைசன்ஸ் வாங்குன்னும் கேக்காது.”

“அப்ப சும்மாவா குடுக்கறான்? சும்மா குடுத்தா சும்மாவா இருக்கும்? அதுல இன்னா கீதோ!”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. “ஊர் கூடித் தேர் இழுக்கல? அந்த மாரிதான். ஒலகம் பூரா ஆளுங்க சேந்து செய்யறாங்க. யாரு வேணா உள்ள எட்டிப் பாக்கலாம், தப்பு இருந்தா சரி பண்ணலாம்.”

“தேரு நடுரோட்ல நின்னுட்டா? நெம்பித் தள்ள ஆளு வோணுமே?”

“அதுக்குத்தான் நான் இருக்கேன். எனக்குத்தான் நீங்க காசு குடுக்கறீங்க.”

எனக்கு லினக்ஸ் என்றால் என்ன, ஊர்ப் பெயரா, ஆள் பெயரா என்று கேட்க ஆசை. கேட்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. சமையல்காரர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் வந்ததும் மைக் செட் எங்கே, வெற்றிலை எங்கே, விசிறி எங்கே என்பார். நடுச் சமையலில் காணாமல் போய்விடுவார். இன்னொருவர் வந்ததும் அடுப்பு எங்கே என்று மட்டும் கேட்பார். பந்தி முடிகிறவரை அவர் இருப்பதே தெரியாது. லினக்ஸ் இரண்டாவது ஆள் என்று எடுத்துக்கொண்டேன். தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் புரிந்து ஆட்டிய தலையாட்டல்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. “எப்ப மாத்தலாம்?” என்று அவளே கேட்டு அவளே பதிலும் சொன்னாள். “ஆடியில மாத்திடலாம் ஆன்ட்டி. ஆடியில கல்யாணம் கெடையாது, கடை சும்மாதானே இருக்கும்? நிதானமா டேட்டாவ அங்கேர்ந்து இங்க குடி மாத்திடறேன். வூடு மாத்தற மாரிதான்.”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

“ஆடியில எவளாச்சும் வூடு மாத்துவாளா?” என்றாள் தேய்க்கிற அம்மாள்.

“இது கம்ப்யூட்டர்மா.”

“நீதான வூடுன்னு சொன்ன?”

சாயங்காலத்துக்குள் கடையே இரண்டு கட்சி ஆகிவிட்டது. உண்மையில் ஒரே கட்சிதான். அந்தப் பெண் மட்டும் எதிர்க்கட்சி. டிரைவர், “நானே ஆடியில ரூம் மாத்தி, மூணு மாசம் முதுகு வலியில கெடந்தேன்” என்று சாட்சி சொன்னார். கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொன்ன கொழுந்தனார், கம்ப்யூட்டருக்காகப் பஞ்சாங்கத்தோடு வந்தார்.

“ஆவணியில மாத்து” என்றார்.

“ஆவணியில உங்களுக்குத் தலைக்கு மேல முகூர்த்தம். ஓடற வண்டியில சக்கரம் மாத்தச் சொல்றீங்களா?”

“அப்ப ஆனியிலயே மாத்து.”

“ஆனியில மிச்சம் இருக்கறதே கொஞ்ச நாள், சார். அதுக்குள்ள முடியாது.”

எல்லோரும் அண்டாக்களைப் பார்த்தார்கள். நான் பின்னால் இருந்தேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. ஆடியில் குடிபோயே தீரவேண்டியவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனியிலேயே புது வீட்டில் பால் காய்ச்சி, உப்பு, மஞ்சள், சாமி படம் என்று ஏதாவது ஒரு சாமானை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். குடிபோனதாகக் கணக்கு. மற்ற சாமானை ஆடியில் ஏற்றினால் குற்றமில்லை.

“ஆனியில பால் காச்சிட்டா?” என்றேன் அண்டாவிடம்.

கொழுந்தனார் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, “அத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார்.

அந்தப் பெண் மட்டும், “சர்வர் ரூம்லயா?” என்றாள்.

ஆனி கடைசியில் நல்ல நாள் பார்த்தார்கள். கிளையிலிருந்து பழைய பெட்டி வந்து, பழைய சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அந்தப் பெண் அதன்மேல் ஒரு பறவைப் படம் ஒட்டியிருந்தாள். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, மஞ்சள் கால்.

“இது வேடந்தாங்கலுக்கு வர்ற பறவ” என்றார் டிரைவர். “நான் பாத்துக்கீறேன்.”

“இது பென்குயின் அண்ணா. பறக்காது. லினக்ஸோட அடையாளம்.”

“வாகனமா?” என்று கேட்ட தேய்க்கிற அம்மாள், பதிலுக்குக் காத்திராமல் அதன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள்.

முதலில் ஒரு சாமானைப் புதுப் பெட்டியில் குடிவைக்கவேண்டும். அந்தப் பெண், “கரண்டி போடவா?” என்றாள்.

“இரும்பு கூடாது” என்றார் கொழுந்தனார். “அண்டா வேணாம், காலியா இருக்கும். ஜமுக்காளம் துணி. குத்துவெளக்கு போடு. ஆறடி வெளக்கு.”

“ஆறடி வெளக்கு ஸ்டாக்ல ஒண்ணுதான் சார் கீது. அத மத்ததோட சேத்து அப்புறம்தான் கொண்டாருவேன்.”

“அது பழசு. புதுசா ஒண்ணு போடு.”

“இல்லாதத எப்பிடி போடறது?”

“மங்களத்துக்குப் போடும்மா! அப்புறமா அழிச்சிக்கோ.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆறடிக் குத்துவிளக்கு ஒன்று என்று புதுப் பெட்டிக்குள் ஏறியது.

அடுத்தது பால். புகை, கற்பூரம், காஸ் எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்ததால் இண்டக்‌ஷன் அடுப்பு கொண்டுவந்தோம். மஞ்சள் கட்டிய புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி வைத்தோம். பால் வெதுவெதுப்பானது. கரண்ட் போய்விட்டது.

கொழுந்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நல்ல நேரம் முடியப் போவுது.”

“வர்ற வரிக்கும் இருக்கலாம் சார்” என்றாள் அந்தப் பெண்.

“அதுக்குள்ள எமகண்டம் வந்துடும்.” அவர் சுற்றிலும் பார்த்தார். அறையில் ஒரே ஒரு இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கரண்ட் போனாலும் சர்வரைத் தாங்குகிற யூ.பி.எஸ்ஸில். “இதோ கீதே!” என்று குனிந்து அடுப்பின் பிளக்கை அதில் சொருகிவிட்டார். அந்தப் பெண் “சார்!” என்று கத்தியது அவர் காதில் விழுவதற்குள் யூ.பி.எஸ். அதைவிடப் பலமாகக் கத்தியது. பூனையை மிதித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு எல்லா விளக்கும் அணைந்து, அறையில் ஒரு சத்தமும் இல்லை.

“பால எடு!” என்றாள் தேய்க்கிற அம்மாள். அவளுக்கு அவள் கவலை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து டீக்கடைக்கு ஓடினாள். அங்கே அடுப்பில் வைத்ததும் பொங்கிவிட்டது. அப்படிப் பார்த்தால் பால் காய்ச்சிக் குடிபுகுந்தது டீக்கடைதான்.

கரண்ட் வந்தது. பென்குயின் ஒட்டிய பெட்டி ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்து கறுப்புத் திரையில் வரிசையாக எழுத்துகளை ஓடவிட்டது. பழைய சர்வர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் பொத்தானை அமுக்கினாள், பிளக்கைப் பிடுங்கிச் சொருகினாள், காதை வைத்துக் கேட்டாள். கொழுந்தனார் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தின பிள்ளை மாதிரி நின்றார்.

“போயிடிச்சி” என்றாள்.

என் வீட்டுக்காரர் தலையோடு ஒருமுறை போன கணக்கு, இப்போது இரண்டாவது முறை போய்விட்டதா? ஆவணி முதல் முகூர்த்தத்தில் எந்த அண்டா எங்கே என்று யாரைக் கேட்பது?

“பயப்படாதீங்க ஆன்ட்டி. நேத்தே ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டேன்” என்று பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினாள். “ஆனா இனிமே திரும்பிப் போவ முடியாது. லினக்ஸ்தான். அது சரியா வந்தா உண்டு.”

பாலை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். அவள் ஒரு கையால்தான் வாங்கினாள். பாவம், டப்பாவை டப்பாவாக நினைக்காமல் இடுப்புக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள்.

ஆடி முழுக்க அவள் ரயிலில் வந்துபோனாள். காப்பியிலிருந்து கணக்கைப் புதுப் பெட்டியில் ஏற்றினாள். நாங்கள் ஒவ்வொரு அண்டாவாகத் திருப்பிப் பார்த்து, அடியில் பொறித்த எண்ணையும் வட்டத்தின் நிறத்தையும் சொல்லச் சொல்ல அவள் சரிபார்த்தாள். எதுவும் தப்பவில்லை. கடைசியாக, “அந்த மங்கள வெளக்க மட்டும் அழிச்சிடறேன்” என்றாள்.

“இன்னிக்கி இன்னா கிழம?” என்றாள் தேய்க்கிற அம்மாள்.

“வெள்ளி.”

“ஆடி வெள்ளியில வெளக்க அழிப்பியா நீ? உங்கூட்ல சொல்லித் தரல?”

“அது வெளக்கு இல்லம்மா, ஒரு வரி.”

“அந்த வரியில இன்னான்னு எழுதிக்கீது? வெளக்குன்னுதான?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். வழக்கம்போலத் தலை ஆடியது. யார் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது. “சரி, ஆவணியில அழிச்சிக்கறேன்” என்று அவள் ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

ஆவணி முதல் முகூர்த்தம் வந்தது. விடிவதற்குள் கொழுந்தனார் வந்து வாசலில் நின்றார். உட்கார நாற்காலி இல்லை, எல்லாம் வாடகைக்குப் போயிருந்தன. அன்று காலை அந்தப் பெட்டி வேலை செய்ததை இன்னும் நினைத்துப் பார்ப்பேன். வட்டம் சுற்றவில்லை, கும்பிடச் சொல்லவில்லை. கேட்டதும் சீட்டு, கேட்டதும் சீட்டு. பச்சை பச்சைக்கு, சிவப்பு சிவப்புக்கு. வேன் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. முட்டுக்காடு போன வேனிலிருந்து எல்லாம் இறங்கிவிட்டது என்றார்கள். கூடுவாஞ்சேரி மண்டபத்திலும் எல்லாம் சரி. திருக்கழுக்குன்றத்துச் சமையல்காரரே போன் செய்து, “பச்சைதான், பார்த்துட்டேன்” என்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொழுந்தனார் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மாமல்லபுரம் ரிசார்ட்டிலிருந்து டிரைவர் பேசினார். ஸ்பீக்கரில் போட்டோம்.

“அம்மா, சீட்டுல ரெண்டு ஆறடி வெளக்கு போட்டுக்கீது. வண்டில ஒண்ணுதான் கீது. இன்னொண்ணு கிளையில இருக்கும்னு நெனச்சி வந்துட்டேன். இங்கயும் இல்லியாம். மேடைக்கு ரெண்டு பக்கமும் வெளக்கு வெக்கணுமாம். பொண்ணோட அம்மா என்னிய மொறச்சிக்கினு கீது.”

கொழுந்தனார் முகத்தில் வெளிச்சம் வந்தது. “போச்சா? நான் சொன்னேனா இல்லியா? பொட்டி மாத்தினாலும் பொய் சொல்றது மாறல. அண்ணி, பேச்சு பேச்சா இருக்கணும். சாவியக் குடுங்க.”

கையை நீட்டினார். என் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. கையும் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்துக்குப் போய்விட்டது. அப்போது தேய்க்கிற அம்மாளைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்குகிறாள். எதற்குச் சிரிக்கிறாள்? யோசித்தேன். தலை பாதியில் நின்றது.

அன்று மறைந்துகொள்ள அண்டாக்கள் இல்லை. எல்லாம் கல்யாணங்களுக்குப் போயிருந்தன. நான் வெறும் தரையில், எல்லோருக்கும் முகம் தெரிய நின்றுகொண்டிருந்தேன்.

“தம்பி, அந்த இன்னொரு வெளக்க எழுதச் சொன்னது யாரு?” என்றேன்.

போனில் டிரைவர் வெடித்துச் சிரிப்பது கேட்டது. “அண்ணாத்த, மங்கள வெளக்கா? அத்தப் போயி புக்கிங்ல குடுத்துட்டாங்களா?”

பெட்டி பொய் சொல்லவில்லை. விளக்கு இரண்டு என்று நாம் சொன்னோம். இரண்டு என்று நம்பி அது இரண்டையும் கொடுத்துவிட்டது. கொழுந்தனார் நீட்டிய கையைப் பார்த்தார். திரும்ப எடுத்துக்கொள்வதா, அப்படியே வைத்திருப்பதா என்று அதற்கே தெரியவில்லை.

“உங்க வூட்டு ஹால்ல ஆறடி வெளக்கு ஒண்ணு கீதுல்ல?” என்றேன். ஒரு பேச்சு வந்துவிட்டால் அடுத்தது தானாக வந்துவிடுகிறது. இத்தனை வயசில் அன்றுதான் கண்டுபிடித்தேன். “மாமல்லபுரம் போற வழிதான உங்க வூடு?”

“அது அவ சீருக்கு வந்தது அண்ணி...”

“முகூர்த்தத்துக்கு நேரம் கீது.”

அவர் பைக்கை எடுத்தார். பிறகு டிரைவர் சொன்னதுதான் எனக்குத் தெரியும். பின்சீட்டில் அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி, விளக்கைத் துண்டு துண்டாகக் கழற்றி மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து வந்தாளாம். மேடையில் அவளே மாட்டி, அவளே எண்ணெய் ஊற்றி, திரி போட்டாளாம். பெண்ணின் அம்மா அவளை விளக்குக் கம்பெனி ஆள் என்று நினைத்துச் சாப்பிட்டுப் போகச் சொன்னாளாம். புருஷனும் பெண்டாட்டியும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் வந்தார்கள். அன்று எந்தச் சாமானும் எந்தக் கல்யாணத்துக்கும் வராமல் போகவில்லை. சாவிப் பேச்சு அதற்குப் பிறகு வரவேயில்லை.

இரண்டு விளக்கும் சேர்ந்து கடைக்குத் திரும்பின. இறக்கிவைத்ததுமே தேய்க்கிற அம்மாள் உளியை எடுத்து, ஓரகத்தி விளக்கின் அடியில் எங்கள் எண்ணைப் பொறித்துவிட்டாள். “கணக்குல கீதே” என்றாள்.

கூடுவாஞ்சேரிப் பெண் சொன்னபடி ஆவணியில் அந்த வரியை அழிக்க வந்தாள். “வேணாம்” என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அவளுக்கு முதல் தடவை. “இப்ப அது உண்மைதானே?” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கறுப்புத் திரையை மூடினாள். பென்குயின் நெற்றியில் குங்குமம் காய்ந்து உதிர்ந்திருந்தது. போகும்போது அவளே புதிதாக வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பெட்டி இன்றைக்கும் ஓடுகிறது. எப்போது கடைசியாக அணைத்தோம் என்று எனக்கு ஞாபகமில்லை. அந்த விளக்கு எந்த மண்டபத்தில் இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்கிறது. முகூர்த்தம் தவறாமல் போய்வருகிறது விளக்கு. ஓரகத்தி வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க ஒரு சின்ன காமாட்சி விளக்கு வாங்கிக்கொண்டாள். கொழுந்தனார்தான் கடைக்கு வரும்போதெல்லாம் கேட்பார்.

“அண்ணி, அந்த வெளக்க எப்ப திருப்பிக் குடுப்பீங்க?”

நான் தலையை ஆட்டுவேன்.